தண்ணியில இருக்கான்

எங்கள் ஊரில் ஒருவன் தண்ணியில் இருக்கிறான் என்றால் குடித்திருக்கிறான் என்று அர்த்தம் இல்லை. குடித்தும் இருக்கலாம், அது வேறு கதை. அவன் படகில் இருக்கிறான், ஏரியிலோ கடலிலோ, கூப்பிட்டால் குரல் எட்டாது, அவ்வளவுதான். இதைப் பொன்னேரியில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக் கடையில் புரியவைக்க முடியவில்லை. லீவு எதற்கு என்று முதலாளி கேட்டார். "பாட்டில் தம்பி பேர் சேக்கறாங்க சார், அவன் தண்ணியில இருப்பான், நான் இல்லாட்டி நைனா தனியா கஷ்டப்படும்" என்றேன். முதலாளி என்னை இரக்கத்தோடு பார்த்து, இரண்டு நாள் எடுத்துக்கோம்மா என்றார். நான் ஒரு நாள்தான் கேட்டிருந்தேன்.

பாடு என்றால் முறை. பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் பக்கம் இறால் ஓடுகிற சில இடங்கள் உண்டு. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் வலைமேல் வலை விழுந்து அடிதடியாகும். அதனால் இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு பேர். அப்பன் தளர்ந்தால் மகன் பேர் ஏறும். மகன் பேர் ஏறாவிட்டால், வரிசையில் காத்திருக்கிற அடுத்தவனுக்கு அந்த முறை போய்விடும். போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

நைனாவுக்குக் கண்ணில் புரை. ஒரு கண் ஆபரேஷன் ஆனது, இன்னொன்று அதற்கும் ஒத்துழைக்கவில்லை. இருட்டில் அடுத்தவன் கழியில் தன் வலையைக் கட்டிவிட்டு வந்தார். ஒரு தடவை என்றால் ஊர் சிரிக்கும். மூன்றாவது தடவை ஊர்த் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "இந்த ஆடியோட நீ எறங்கிக்கோ. பையனை ஏத்து. அவன் கூட போட்ல குந்திக்கினு போ, யாரு வேணான்னா?" என்றார். பையன், அதாவது என் தம்பி, மாலத்தீவில் தெற்குக் கோடியில் ஒரு தீவில் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். ஒப்பந்தம் முடிந்து ஒரேயடியாகத் திரும்பப் போகிறான். திரும்பி வந்து பிழைக்க அவன் நம்பியிருந்தது அந்த முறையை. பேர் போனால் அவனுக்கு ஏரியில் இடம் இல்லை. நைனாவுக்குக் கரையில் உட்கார்ந்து மற்றவன் வலையை வேடிக்கை பார்ப்பதுதான் மிச்சம்.

அந்த வீட்டில் நானும் இருந்தேன். இருந்தேன் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. ஆரம்பாக்கத்தில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கொஞ்ச காலம் இருந்து பார்த்துவிட்டு, ஒரு பையோடு பஸ் ஏறித் திரும்பி வந்தேன். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். நைனா ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை, எப்போது போவாய் என்றும் கேட்கவில்லை. ஆடியில் கங்கையம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது, ஊற்றுகிறவர் ஒவ்வொரு வீட்டாரையும் "எத்தினி பேரு?" என்று கேட்பார். எல்லோரும் எண் சொல்வார்கள். நைனா மட்டும் "இருக்கறவங்களுக்கு ஊத்துப்பா" என்பார். ஊற்றுகிறவர் என்னை ஒரு பார்வை, சட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோராயமாக ஊற்றுவார். அந்தத் தோராயத்தைத்தான் வருடா வருடம் குடித்துக்கொண்டிருந்தேன். வயிறு நிறையும். ஆனாலும் கோபமாக வரும்.

பேர் சேர்ப்பதும் அதே கூழ் நாளில்தான். காலையில் பேர், மத்தியானம் கூழ். தலைவர் பேரை மூன்று தடவை கூப்பிடுவார். பேருக்குரியவன் அம்மனுக்கு எதிரே உள்ள கல்லருகில் நின்று "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் அவ்வளவுதான். ஆனால் இது மீன் பிடிக்கிற ஊர். அம்மனுக்கும் அது தெரியும். அதனால் ஒரு விலக்கு உண்டு. அவன் அந்த நேரத்தில் தண்ணியில் இருந்தால், அவன் வீட்டு ஆள் ஒருவர் "தண்ணியில இருக்கான்" என்று சொல்லலாம். சொன்னால் அவன் அங்கே இருந்ததாகவே கணக்கு. பொய் சொன்னால் வலை கிழியும். ஊரில் பாதிப் பேர் இதை நம்பினார்கள், மீதிப் பேர் வலை கிழிந்தபோது நம்பினார்கள். நைனா எப்போதும் நம்பினார்.

தம்பிக்கு அந்தத் தீவில் விடுதலை கிடைத்தது சரியாகக் கூழ் நாளன்று. காலையில் தெற்குத் தீவிலிருந்து மாலேவுக்கு ஒரு விமானம். அதுவும் தீவுதான். மத்தியானம் அங்கிருந்து சென்னைக்கு இன்னொன்று. ஊர் வந்து சேர ராத்திரி ஆகும். ஒருநாள் முன்னால் விடச் சொல்லிக் கேட்டானாம், சம்பளத்தில் பிடிப்போம் என்றார்களாம், பிடித்துக்கொள் என்றானாம், அப்படியும் விடவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிறது என்பது இதுதான்.

நாங்கள் தலைவரிடம் போனோம். போனில் "இருக்கேன்" சொன்னால் ஆகாதா என்று கேட்டேன். "போன்லயே வலை கட்டுவானா?" என்றார். நைனா வேறு மாதிரி கேட்டார்.

"தலைவரே, பிளேன் கடலு மேல போம்போது நீ அவன் பேரைக் கூப்புட்டா, அவன் தண்ணியில இருக்கறவனா, இல்லியா?"

தலைவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "பிளேன்லருந்து கீழ வுழுந்தா எதுல வுழுவான்?"

"கடல்லதான்."

"அப்போ தண்ணியிலதான்."

"ஏர்போட்டுல இருந்தான்னா?"

"ஏர்போட்டு தரை. தரையில நிக்கறவன் இங்க வந்து நிக்கட்டும்."

இப்படியாக, உலகத்தில் வேறு யாருக்கும் தேவைப்படாத ஒரு விஷயம் எங்களுக்குத் தேவைப்பட்டது. இந்தத் தீவு ஏர்போர்ட்டுக்கும் அந்தத் தீவு ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. படகுத்துறையின் முனையில் நின்றால் ஒரு கோடு வரும், பேச மட்டும் உதவும். நெட் வேண்டுமென்றால் பழவேற்காட்டுக்குப் போய் டச்சுக்காரர்களின் கல்லறைச் சுவரை ஒட்டி உட்கார வேண்டும். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், அதில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் நல்ல சிக்னல். நைனாவும் கூட வந்தார். நான் சொல்வது சரியா என்று பார்க்க அவருக்குக் கண் தெரியாது. ஆனாலும் வந்தார்.

முதலில் வந்த பக்கம் காரில் போக வழி இல்லை என்றது. இரண்டாவது பக்கம் தமிழில் இருந்தது. காகம் பறக்கும் தூரம் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் என்றது.

"காக்காவா?" என்றார் நைனா.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"காக்கா இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் கடலைத் தாண்டும்? பூநாரைன்னு போட்டாலும் ஒரு நாயம் இருக்கு."

பறக்கும் நேரம் ஒரு மணிக்கும் கொஞ்சம் மேல் என்று படித்தேன். நைனா திருப்தி அடையவில்லை. "எந்தக் காத்துல?" என்றார். அது போடவில்லை என்றேன். "வாடையா, தெக்கத்திக் காத்தான்னு சொல்லாம நேரம் சொல்றான் பாரு. அவன் தண்ணியையே பாத்திருக்க மாட்டான்" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, தம்பி அனுப்பிய டிக்கெட்டையே பார்த்துச் சொன்னேன். ஒன்பது மணிக்குக் கிளம்பும், பத்தேகாலுக்கு இறங்கும். பேர் கூப்பிடுவது ஒன்பதரைக்கு. நடுக்கடல்.

"நடுவுல வேற தீவு வருமா?"

"வரும் நைனா. மாலத்தீவே தீவுதான். வழியெல்லாம் தீவு."

"தீவு மேல போம்போது கூப்புட்டா? கீழ வுழுந்தா தரையில வுழுவானே."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீ ஏன் அவனை வுழ வச்சிக்கினே இருக்கே? நம்ம ஏரியில மணல் மேட்டு மேல போட் போவுது. அப்போ நீ தரையிலயா இருக்கே?"

அவர் வெகுநேரம் அதை யோசித்தார். கடைசியில் மேட்டுக்கு மேல் தண்ணி இருக்கும்வரை அது தண்ணிதான் என்று ஒப்புக்கொண்டார். விமானத்துக்குக் கீழே தண்ணி எத்தனை ஆழத்தில் இருந்தாலும் தண்ணிதான் என்று நான் முடித்துவைத்தேன். எழுந்து வரும்போது கல்லறைக் கற்களைக் காட்டி, "இவங்க வூட்லயும் ஒருத்தி இப்படித்தான் கப்பல் எங்க வருதுன்னு கணக்கு போட்டுக்கினு இருந்திருப்பா" என்றார். பிறகு, "தப்பா போட்டுட்டா" என்றார்.

கூழ் நாள் காலை ஊர் கோயிலடியில் கூடியது. எட்டரைக்கே நாங்கள் போய்விட்டோம். நைனா வெள்ளை வேட்டி கட்டி, கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றார். எதிர்வீட்டு மாமாவும் தன் மகனோடு முன்வரிசையில் இருந்தார். வரிசையில் அடுத்த பேர் அவர் மகனுடையதுதான். மாமா கெட்டவர் இல்லை. நைனாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது தினமும் மீன் குழம்பு கொடுத்தனுப்பியவர் அவர்தான். ஆனால் மீன் குழம்பு வேறு, பாடு வேறு.

ஒன்பதரைக்குத் தலைவர் எழுந்து தொண்டையைக் கனைத்தார். அப்போது பார்த்து யாரோ கூழ் அண்டாவின் மூடி எங்கே என்று கேட்டார்கள்.

பெரிய பித்தளை மூடி. போன வருடம் யார் வீட்டில் வைத்தது என்று பேச்சு கிளம்பியது. கீழ்த்தெருவில் என்று மேல்தெரு சொன்னது. மேல்தெருவில் ஒருவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அது மூடிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததாகக் கீழ்த்தெரு சொன்னது. அவர், அது தன் மாமியார் சீதனம் என்றார். மாமியாரைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். மாமியார் செத்து நாளாகியிருந்தது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்களுக்கு உலை வாய்க்கும் மூடி இல்லை.

நான் நைனாவுக்குப் பின்னால், பெண்கள் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்து, போனில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து ஆனது. நைனா தலையைத் திருப்பாமல், "எங்க இருக்கான்?" என்றார்.

"பாதிக்கு மேல வந்துட்டான். தண்ணியிலதான்."

பத்தேகால் ஆனது. அவர் மறுபடி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். எனக்கு அந்த மூடியைத் தேடி எடுத்து யார் தலையிலாவது போட வேண்டும் போல் இருந்தது.

பத்தரைக்குத் தலைவர், மூடி இல்லாமலே கூழ் காய்ச்சுங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பேர் கூப்பிட ஆரம்பித்தார். முதல் பேர் தம்பியுடையது.

நைனா வாய் திறக்கவில்லை. தலைவர் அவரைப் பார்த்தார். இதே ஆள்தானே வந்து பிளேனில் போகிறவன் தண்ணியில் இருக்கிறவனா என்றெல்லாம் கேட்டார், இப்போது என்ன என்று அவர் முகத்தில் தெரிந்தது. இரண்டாவது தடவை, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார். நைனா அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. புரை வைத்த கண்ணிலிருந்து எப்போதும் வரும், ஆனால் இது இரண்டிலும் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏர்போர்ட்டில் நிற்கிற மகனைத் தண்ணியில் இருக்கிறான் என்று சாமி முன்னால் சொல்ல அவரால் முடியாது. அவர் ஆயுசு முழுக்கச் சேர்த்து வைத்திருந்த ஒரே சொத்து அதுதான், அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?

மாமாவின் மகன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

மூன்றாவது தடவை தலைவர் மெதுவாகத்தான் கூப்பிட்டார்.

"தண்ணியில இருக்கான்" என்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து கல்லுக்குப் பக்கத்தில் எப்போது வந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. குரல் நன்றாகவே வந்தது. பின்னால் ஒருவன், "காலையிலயேவா?" என்று கேட்டான். இரண்டு பேர் சிரித்து நிறுத்திக்கொண்டார்கள்.

மாமா எழுந்தார். கோபமாக இல்லை, நியாயமாகத்தான் கேட்டார். "வூட்டு ஆளு சொல்லணும். இது கட்டிக் குடுத்த பொண்ணு. கட்டிக் குடுத்த பொண்ணு எந்த வூட்டு ஆளு?"

கூழ் அண்டாவுக்கடியில் விறகு வெடித்தது. தலைவர் என்னைக் கேட்கவில்லை. நைனாவைப் பார்த்து, "நீ சொல்லுப்பா. இவ யாரு வூட்டு ஆளு?" என்றார்.

அவர் இதற்கும் வாய் திறக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்த நாளிலிருந்து திறக்காத வாய். மேலும், நான் சொன்னது பொய் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர். அவர் அம்மனைப் பார்த்தார். சுருட்டிய துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என் வூட்டு ஆளு" என்றார். "வேற எந்த வூட்டுக்கும் ஆளு இல்ல."

தலைவர், "பேரைச் சேத்துக்கோங்க" என்றுவிட்டு அடுத்ததைக் கூப்பிட்டார். மாமா உட்கார்ந்தார்.

நான் அங்கே நிற்க முடியாமல் படகுத்துறைக்குப் போனேன். முனையில் நின்று தம்பிக்கு அடித்தேன், போகவில்லை. மறுபடி அடித்தேன். நாலாவது தடவை அவனே எடுத்தான்.

"இப்பதான் எறங்கனேன் அக்கா. பேரு கூப்ட்டாங்களா?"

"இப்பதானா? பத்தேகாலுக்கே எறங்கியிருக்கணுமே. மணி பதினொண்ணு ஆவப்போவுது."

"இன்னாக்கா பதினொண்ணு? இங்க பத்து இருவத்தஞ்சு. நம்மளைவிட அரமணி பின்னால. சொல்லலியா நானு?"

சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. துபாய்க்குப் போனால் மணி மாறும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், அது மேற்கே இருக்கிறது. இலங்கைக்கும் நமக்கும் ஒரே மணி. மாலத்தீவு அதற்கும் கீழே இருக்கிறது. கீழே போனால் மணி எப்படி மாறும்? நானும் நைனாவும் அதைப்பற்றி யோசிக்கவே இல்லை. ஒரே கடல், ஒரே மணி. தண்ணியிலேயே பிழைப்பவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது.

அங்கேயே நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் மணிக்கு ஒன்பதரைக்குக் கிளம்பி, பத்தேமுக்காலுக்கு இறங்குகிற விமானம் அது. பத்தரைக்குப் பேர் கூப்பிட்டபோது அவன் கடலுக்கு மேலே இருந்திருக்கிறான். ஒன்பதரைக்கே கூப்பிட்டிருந்தால், அப்போதுதான் தரையை விட்டு நகர்ந்திருப்பான், அதுவும் சந்தேகம். நைனா நிம்மதியாக, சத்தமாக, சாமி முன்னால் பொய் சொல்லியிருப்பார். அந்தப் பித்தளை மூடியை எடுத்தவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

திரும்பி ஓடினேன். நைனா அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். காதுக்குப் பக்கத்தில் போய் விஷயத்தைச் சொன்னேன். அரைமணியை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ நீ சொன்னது நெசம்."

"ஆமா நைனா."

"நீ பொய்னு நெனச்சிதானே சொன்னே?"

"ஆமா."

அவர் தலையாட்டிக்கொண்டார். "வலை கிழியாது. எதுக்கும் ஒருவாட்டி பாத்து வையி" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. எதிர்பார்க்கவில்லை என்று சொல்வது எளிது.

மத்தியானம் கூழ் ஊற்றினார்கள். மூடி இல்லாத அண்டாவில் வேப்பிலை இரண்டு விழுந்து கிடந்தது. நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் முறை வந்ததும் ஊற்றுகிறவர் கரண்டியை உயர்த்தி, வழக்கம்போல, "எத்தினி பேரு?" என்றார். கேட்டுவிட்டு, வழக்கமான பதிலுக்காகக் காத்திராமல் என்னையும் சட்டியையும் பார்க்க ஆரம்பித்தார்.

"மூணு" என்றார் நைனா.

கரண்டி நின்றது. "மூணா? நீ ஒருத்தன். இவ ஒருத்தி."

நைனா என் பக்கம் குனிந்து, "இப்போ எங்க இருப்பான்?" என்றார். நான் போனைப் பார்த்தேன். இந்தத் தடவை அரைமணியைச் சேர்த்துத்தான் போட்டேன். சென்னை விமானம் கிளம்பியிருந்தது.

"இன்னொருத்தன் தண்ணியில இருக்கான்" என்றார்.

ஊற்றுகிறவர் மூன்று கரண்டி, ஒவ்வொன்றாக எண்ணி ஊற்றினார். வீட்டுக்கு வந்து நாங்கள் இரண்டு பேரும் குடித்தோம். தம்பி பங்கைத் தட்டுப் போட்டு மூடி வைத்தேன்.